புதுப்பேட்டைப் பட்டறை அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூவத்தின் கரையில், சிந்தாதிரிப்பேட்டைக்கு எதிர்ப்புறமாக அமைந்த புதுப்பேட்டையிலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும், பழைய மோட்டார் வண்டிகளை வாங்கிப் பிரித்து உதிரிபாகங்களாக விற்று ஜீவனம் செய்துவரும் பட்டறைக்காரர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும், காயலான் கடை முதலாளிகளுக்கும் என் பணிவான வணக்கம்.

வண்டி வைத்திருந்து அதை விற்றுவிட்ட எந்தக் குடும்பத்திலும் என்றைக்காவது ஒருநாள் எழாமல் போகாத கேள்வி ஒன்று உண்டு. அந்த வண்டி இப்போது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, இன்னும் ஓடுகிறதா, அல்லது நமக்குத் தெரியாமலேயே எப்போதோ உடைபட்டுப் போய்விட்டதா என்பதே அந்தக் கேள்வி. இதற்கு விடை கேட்டு வண்டியைச் செய்த கம்பெனியிடம் போவதில் பிரயோஜனம் இல்லை. ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே அவர்கள் கணக்கு முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருப்பது பெயரும் தேதியும்தான். அதுவும் வாங்கினவர்கள் ஒழுங்காகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தால் மாத்திரமே உண்டு. வண்டியின் கடைசி அத்தியாயத்தைக் கண்ணால் கண்டவர்கள், பல சமயங்களில் தம் கையாலேயே அதை முடித்துவைத்தவர்கள், நீங்கள்தான். ஆகையால்தான் மற்ற எவருக்கும் எழுதாமல் உங்களுக்கு இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

ஒரு வீட்டில் கார் விற்கப்படுகிற விதம் நீங்கள் அறியாததல்ல. புதிய வண்டிக்கு இடம் வேண்டியிருக்கும்போதோ, ஓட்டிவந்த பெரியவருக்குக் கண் பார்வை மங்கிய பிறகோ, எஃப்.சி. எடுக்கிற செலவு வண்டியின் விலையையே எட்டிவிடும்போதோ, புரோக்கர் ஒருவர் வந்து நிற்கிறார். பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறார், சைலன்ஸரிலிருந்து வரும் புகையின் நிறத்தைப் பார்க்கிறார், கதவுக்கு அடியில் விரலால் தட்டித் துரு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார், பிறகு ஒரு விலையைச் சொல்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்ததும், பிரசவ வேதனை எடுத்த பெண்ணை நடுநிசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், ஆடி மாதத்தில் குலதெய்வத்தின் கோயிலுக்கு மூன்று தலைமுறையை ஒரே ஸீட்டில் நெருக்கி உட்கார வைத்து அழைத்துப் போனதும் அந்த விலையில் ஒரு காசுகூடச் சேர்வதில்லை. சேர வேண்டும் என்று கேட்பது வியாபார தர்மமும் ஆகாது. படிவங்களில் கையெழுத்து விழுகிறது, ஆர்.சி. புத்தகமும் சாவியும் கை மாறுகின்றன, வண்டி தெருமுனையில் திரும்புகிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கும் வண்டிக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை என்று சட்டம் சொல்லிவிடும், மனம் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்தப் பெயரைக் கேட்டதுமே உங்களில் வயது முதிர்ந்தவர்களுக்கு முகம் மலரும் என்பது எனக்குத் தெரியும், ஏனெனில் அது சென்னையின் சொந்த வண்டி. அம்பாசடர் வங்காளத்து உத்தரபாராவிலும், ஃபியட் பம்பாய்க் குர்லாவிலும் உருவாகி இங்கே வந்துகொண்டிருந்த நாளில், ஹெரால்டு நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே 1961 முதல் உற்பத்தியாயிற்று. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரோடு 1959-இல் வெளிவந்த அந்த வண்டிக்கு உருவம் வகுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தவரான ஜொவான்னி மிக்கெலோட்டி. பெரிய எஞ்சின் அல்ல, 948 சி.சி. கொண்டதுதான், ஆயினும் பானெட்டும் இரு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும் அந்த அமைப்பினால், மெக்கானிக் எந்தப் பக்கம் நின்றும் எஞ்சினைத் தொட்டு வேலை செய்ய முடிந்தது. 25 அடி வட்டத்துக்குள் முழுவதும் திரும்பிவிடும் வித்தையும் அதற்கு இருந்தது. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் வண்டியை வளைத்துத் திருப்பி அனுபவப்பட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். பிற்காலத்தில் வந்த நான்கு கதவுள்ள மார்க் த்ரீ இங்கிலாந்திலேயே செய்யப்படாதது. நம் ஊரில் மாத்திரமே செய்யப்பட்டது.

இந்த வண்டியின் கட்டுமானத்தில் உங்கள் தொழிலோடு நேரே சம்பந்தப்பட்ட விசேஷம் ஒன்று உண்டு. அக்காலத்து மற்ற சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் உடலும் சட்டமும் ஒன்றாகவே வார்த்தது போலிருக்க, ஹெரால்டில் அடிச்சட்டம் தனி, மேலுடல் தனி. மேலுடலும் பல பகுதிகளாகச் செய்யப்பட்டு போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருந்தது. பழுது பார்ப்பதற்கு அனுகூலமான இந்த அமைப்பே பிரித்தெடுப்பதற்கும் அனுகூலமாய் முடிந்தது. 1972-இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த கஸல் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றுபோய், 1985-இல் பெரிய எதிர்பார்ப்போடு வந்த ஸ்டாண்டர்டு 2000-உம் நிலைக்காமல் போய், தொழிற்சாலையின் வாசலும் மூடிக்கொண்ட பிறகு, இந்த வண்டிகளுக்குப் புதிய உதிரிபாகம் கிடைக்கிற மார்க்கம் அற்றுப்போயிற்று. அப்போது ஒரு ஹெரால்டு ஓட வேண்டுமானால் இன்னொரு ஹெரால்டு பிரிபட வேண்டும் என்ற நிலைமை வந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் இல்லை என்று கைவிரித்த சாமான் உங்கள் சந்துகளில், கிரீஸ் படிந்த சாக்குப் பையிலிருந்து வெளியே வந்தது. உங்களை வண்டிகளை அழிப்பவர்கள் என்று மாத்திரம் எண்ணுகிறவர்கள் இந்தப் பாதி விருத்தாந்தத்தை அறியாதவர்கள். செய்த கம்பெனி கைவிட்ட பின்னும் அந்த வண்டிகளைப் பல ஆண்டுகள் சாலையில் நடமாட வைத்தவர்கள் நீங்களே என்பதை நான் முழு மனத்தோடு சொல்கிறேன்.

எங்கள் வண்டியை என் தகப்பனார் ஈரோட்டுப் பக்கத்து ஜவுளி வியாபாரி ஒருவருக்கு விற்றார். அவர் கிரமமாகப் பெயர் மாற்றிக்கொண்டார், சில ஆண்டுகள் பிரியமாகவே வைத்திருந்தார் என்றும் கேள்விப்பட்டோம். பிற்பாடு அவரிடமிருந்து அது கோயமுத்தூருக்குப் போயிற்று என்பதோடு தகவல் நின்றுவிட்டது. தகப்பனார் தம் கடைசிக் காலம் வரையில், வெளியூர்ப் பிரயாணத்தில் எங்கேயாவது வெளிர் நீல ஹெரால்டு ஒன்று எதிர்ப்பட்டால் அதன் நம்பரைத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசமாட்டார்; பார்ப்பார், அவ்வளவுதான். உயிரற்ற பொருளின் மேல் இவ்வளவு அபிமானம் தகுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் காட்டுகிற ஜனங்களாகிய நமக்கு இந்தக் கேள்வி பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

வண்டிகளுக்கு நேர்கிற கதிகள் பலவகை என்பதை உங்களிடமிருந்தும் உங்களைப் போன்றவர்களிடமிருந்துமே நான் அறிந்துகொண்டேன். பட்டணத்தில் பெட்ரோல் கட்டுப்படியாகாத அம்பாசடர்கள் பட்டறைக்குப் போய், மெட்டாடார் வேனின் டீசல் எஞ்சினைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்து, கிராமத்து டாக்ஸி ஸ்டாண்டுகளில் இன்னொரு ஆயுளை வாழ்ந்தன. கல்யாணத்துக்கும் ஜவுளி எடுப்பதற்கும் சபரிமலை யாத்திரைக்கும் அவையே போய்வந்தன. அதற்கும் உடம்பு இடங்கொடாதபோதுதான் அவை உங்களிடம் வந்தன. வந்தபின் எஞ்சின் ஓரிடத்துக்கும், கியர் பாக்ஸ் ஓரிடத்துக்கும், அச்சும் சக்கரமும் எங்கேயோ ஒரு டிரெய்லருக்கும் போய்ச் சேர, கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்தபின் அதன் பித்தளைப் பாத்திரங்கள் வெவ்வேறு வீட்டு அடுக்களைகளில் புழங்குவது போல, ஒரே வண்டியின் உறுப்புகள் ஒன்றையொன்று அறியாமல் பல ஜில்லாக்களில் உழைத்துக்கொண்டிருந்தன. பாட்டரியின் ஈயம் உருகி மறுபடி பாட்டரியாகும். ரேடியேட்டரின் செம்பும் பித்தளையும் தனித்தனியே எடை போடப்படும். யாருக்கும் வேண்டாத தகடும் சட்டமும் லாரியேறி, கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் உள்ள உலைகளில் இரும்புப் பாளமாகிக் கட்டடக் கம்பியாக நீளும். என் தகப்பனாரின் வண்டி நின்றிருந்த தெருவிலேயே இப்போது எழும்பியிருக்கும் அடுக்கு மாடி வீட்டின் தூணுக்குள் அந்த இரும்பில் ஒரு துளி இருந்தால் அதில் அதிசயப்படுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார் யாரும் இல்லை.

பெரியவர்களின் வண்டிகளுக்கு இந்த மறைவு நேர்வதில்லை. லால் பகதூர் சாஸ்திரி பிரதம மந்திரியாயிருந்தபோது, 12,000 ரூபாய் விலையுள்ள ஃபியட் ஒன்றை வாங்குவதற்காகப் பஞ்சாப் நேஷனல் பாங்கில் 5,000 ரூபாய் கடன் பெற்றார். 1966-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் தாஷ்கண்டில் காலமானபோது கடன் அடைபடாமல் நின்றது. அதை அவருடைய மனைவியார் லலிதா அம்மையார் தமக்கு வந்த பென்ஷனிலிருந்து கட்டித் தீர்த்தார். அந்தக் கார் இன்றும் டில்லியிலுள்ள சாஸ்திரி நினைவகத்தில் நிற்கிறது. பார்க்கிறவர்கள் அதன் முன்னே சிறிது நேரம் மௌனமாக நின்றுவிட்டே நகர்கிறார்கள். தியாகராயநகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் 4777 என்ற எண் தாங்கிய அம்பாசடர் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி அம்மையார் தம் கையாலேயே சாவியைக் கொடுத்த முதல் மாருதி 800, அதை வாங்கியவர் ஆயுள் முழுவதும் வேறொருவருக்கு விற்காமல் வைத்திருந்து மறைந்த பிறகு, டில்லி வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் துருவேறிக் கிடந்து, பிற்பாடு கம்பெனியாராலேயே பழுது நீக்கப்பட்டு அவர்கள் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அவர்களின் அறக்கட்டளையார் நடத்தும் கார் மியூசியத்தில் தேசதேசாந்தரத்துப் பழைய வண்டிகள் பளபளப்பாக வரிசையாக நிற்கின்றன. இவையெல்லாம் போற்றத்தக்க காரியங்களே. ஆனால் மியூசியத்துக்குப் போகாத வண்டிகளிலேயே இந்த நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் சரித்திரம் ஓடியது. அந்த வண்டிகளுக்கு நினைவகம் கட்ட முடியாது, கட்ட வேண்டியதும் இல்லை. ஒரு வரி எழுதிவைக்க முடியும்.

இந்தக் காலம் அதற்கு ஏற்ற காலம் என்று நான் கருதுவதற்குக் காரணங்கள் உண்டு. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதத்தில் உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசடரும் நின்றது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக ஒரு காலத்தில் தெருவெல்லாம் நிறைந்திருந்த பிரீமியர் பத்மினிகளில் கடைசியாகப் பதிவான வண்டி, டாக்ஸிகளுக்கு அங்கே விதித்திருந்த 20 ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது. அந்நகரத்து ஜனங்கள் அதற்கு நெருங்கிய பந்துவுக்குத் தருவது போன்ற விடை கொடுத்தார்கள். இனிமேல் இவ்வகை வண்டிகள் குறையுமே தவிரக் கூடப் போவதில்லை. மறுபுறத்தில், 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் புராதன வாகனங்களாக அங்கீகரித்து, வி.ஏ. என்ற எழுத்துக்கள் சேர்ந்த தனிப் பதிவெண் வழங்குவதற்கு மத்திய அரசாங்கம் 2021-இல் விதி செய்திருக்கிறது. அன்றாடப் பிரயாணத்துக்கோ வாடகைக்கோ அவற்றை உபயோகிக்கக் கூடாது என்பதும், சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்பதும் அதன் நிபந்தனைகள். எஞ்சியிருக்கும் ஹெரால்டுகள் எல்லாமே இப்போது இந்த வயதை எட்டிவிட்டன. ஆகவே ஒரு பழைய பானெட்டு, மூலத்தோடு வந்த ஒரு கார்புரேட்டர், எண் அழியாத ஓர் அடிச்சட்டம் இவற்றின் மதிப்பு எடைக்குப் போடுகிற இரும்பின் மதிப்பாக இனி இருக்க முடியாது. இது உங்களுக்கே ஆதாயமான சங்கதி.

சட்டத்தின் பக்கத்திலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, வண்டியை விற்றவர் அதே ராஜ்யத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். வண்டி அழிந்துபோனாலோ நிரந்தரமாக உபயோகத்துக்கு லாயக்கற்றுப் போனாலோ சொந்தக்காரர் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது 55-ஆவது பிரிவு. இவை புத்தகத்தில் உறங்குகிற பிரிவுகள் அல்ல. பல கை மாறியும் பெயர் மாறாமலிருந்த ஒரு கார் விபத்துக்கு உள்ளான வழக்கில், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் நிற்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தம்முடைய பழைய வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு உங்கள் பட்டறை வாசலுக்கு வருகிறவர்களில் சிலர் பாசத்தால் மட்டும் வருவதில்லை, பயத்தாலும் வருகிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. அவர்களைத் தொந்தரவு என்று நினைத்து அனுப்பிவிடாதீர்கள்.

2021 முதல் பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் என்று புதிதாக ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. அங்கே வண்டி திருட்டுச் சொத்தா என்று சோதிக்கப்படுகிறது. சேஸிஸ் எண் பொறித்த துண்டு தனியே வெட்டியெடுத்துப் பத்திரப்படுத்தப்படுகிறது. ஒப்படைத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. எண்ணெயையும் குளிர்சாதன வாயுவையும் மண்ணிலும் காற்றிலும் கலக்கவிடாமல் எடுக்கிற சாதனங்களும் அங்கே இருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஏற்பாட்டினால் உங்கள் சிறிய பட்டறைகளுக்கு என்ன நேருமோ என்ற கவலை உங்களுக்கு இருப்பது இயல்பே. ஆனால் அந்த நிலையங்களுக்கு இல்லாத ஞானம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. எந்த வண்டியின் எந்த உறுப்பு எந்த ஊர்க்காரரிடம் போயிற்று என்பதை மேஸ்திரி ஒருவர் பத்தாண்டு கழித்தும் மனத்திலிருந்தே சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அந்த ஞானம் அவரோடு மறைந்துபோகாமல் காகிதத்தில் ஏற வேண்டும் என்பதே என் விருப்பம்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு பட்டறையிலும் நீள நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கட்டும். உள்ளே வருகிற வண்டியின் பதிவெண், சேஸிஸ் எண், எஞ்சின் எண், யாரிடமிருந்து வந்தது, என்றைக்குப் பிரிக்கப்பட்டது, முக்கியமான உறுப்புகள் எங்கே போயின என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். பிரிப்பதற்கு முன்னால் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சிலர் செய்கிற தப்பு வியாபாரத்தினால் உங்கள் எல்லோர் மேலும் போலீஸ் சந்தேகம் விழுகிறபோது, நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கு அந்த நோட்டே சாட்சியாக நிற்கும். ஹெரால்டு, கஸல், பழைய லாண்ட்மாஸ்டர், முதல் வரிசை அம்பாசடர் போன்றவை முழு உருவத்தோடு வந்தால், கத்தியை வைப்பதற்கு முன்பு மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பைச் சேர்ந்த ஒருவரிடமாவது சொல்லுங்கள். இரும்பு விலைக்கு மேலே கொடுத்து எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டு பெட்டியிலும் அகப்படுகிற பழைய கடிதம், குழந்தையின் கொலுசு, ஸ்வாமி படம் போன்றவற்றை ஒரு டப்பாவில் போட்டு நம்பரைச் சீட்டெழுதி ஒட்டி வைத்தால், அதைத் தேடி வருகிறவர் என்றும் உங்களை மறக்கமாட்டார்.

இதை வாசிக்கிற, வண்டி விற்கப் போகிற குடும்பத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டியோடு அதன் சரித்திரத்தையும் கொடுங்கள். யார் வாங்கியது, எந்த ஆண்டு எஞ்சின் இறக்கி வேலை பார்த்தது, எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாறியது என்று ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள், பெயர் மாற்றத்தை வாங்குகிறவரிடம் விட்டுவிடாமல் கூடவே போய் முடியுங்கள்.

பட்டறை அன்பர்களே, ஒரு கிழவரோ அவருடைய பேத்தியோ உங்கள் வாசலில் வந்து நின்று, பழைய பதிவெண் ஒன்றைச் சொல்லி, இந்த வண்டி உங்களிடம் வந்ததா என்று கேட்டால், தயவு செய்து வேலையைச் சிறிது நிறுத்திவிட்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். வந்தது, இன்ன தேதியில் பிரித்தோம், எஞ்சின் இன்ன ஊருக்குப் போயிற்று என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் அடுத்த பட்டறையில் போய்க் கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலின் மேல் மதிப்புள்ள,
பழைய ஹெரால்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்